பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்கப் போறீங்களா? காசை முழுக்கக் கொடுத்துவிடாதீங்க

கையில் இருக்கும் காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். கால்வாசியையாவது திருத்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். 1990களின் ஹொண்டா பிரெலூட், ரொயோட்டா செலிக்கா போன்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்கள் வாங்கிய முதல் மாதத்திலேயே அதைக் கேட்டு வாங்கிவிடும்.

பிரெலூட் என்றால் முதல் கேள்வி ரைமிங் பெல்ட் (எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் பட்டை) எப்போது மாற்றியது என்பதுதான். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். 'போன வருசம் மாத்தினது அண்ணை' என்பார்கள். பில் கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

அடுத்தது நம்ம யாழ்ப்பாணத்துப் பிரச்சினை. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட் இருந்தால் சரி. வெறும் தண்ணீரும் வெள்ளைப் படிவும் என்றால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடியிருக்கிறார்கள். நம்ம சுண்ணாம்புக்கல் மண்ணின் தண்ணீர் கேத்தலையே என்ன பாடு படுத்துகிறது! பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் கடலோரத்தில் நின்ற கார் என்றால் சில்லு வளைவு, கதவின் அடிப்பகுதி, பூட் விரிப்பின் கீழ் துருவைத் தேடுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள்; அது ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே பட்டி (ஓட்டையையும் நெளிவையும் அடைக்கும் பசை) இருக்கலாம்.

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், பொலிஷ் மலிவு.

காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி நம்பரை (காரின் உடலில் பொறித்த அடையாள எண்) காருடன் ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் உரிமையாளராக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், ஓட்டிப் பார்க்க விடியற்காலையில் போங்கள், எஞ்சின் குளிராக இருக்கும்போதே. நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.