அடுக்குச் சார்பைத் தொகையிட முதல் அதைத் திருத்தி எழுதுங்கள்

உயர்தர இணைந்த கணிதத்தில் எக்ஸ்⁴ போன்ற அடுக்குச் சார்புகளின் தொகையீடு (வகையீட்டின் மறுதலை) ஒரே விதியோடுதான் தொடங்குகிறது: சுட்டியோடு 1ஐக் கூட்டி, வந்த புதிய சுட்டியால் வகுத்து, கடைசியில் மாறிலி ‘சி’யைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்⁴ என்றால் எக்ஸ்⁵/5 + சி. பழைய சுட்டி 4ஆல் வகுத்துவிடுவது வகையீட்டுப் பழக்கத்தில் வரும் பிழை.

பல்லுறுப்பியை உறுப்பு உறுப்பாகத் தொகையிடலாம். குணகம் முன்னால் அப்படியே நிற்கும். 6எக்ஸ்² − 4எக்ஸ் + 7 என்பது 2எக்ஸ்³ − 2எக்ஸ்² + 7எக்ஸ் + சி ஆகும். அந்த 7ஐப் பலர் தொலைத்துவிடுகிறார்கள். வகையிட்டால்தான் அது மறையும். தொகையிட்டால் 7எக்ஸ் ஆகும்.

விதி இலேசு, புள்ளி பறிபோவது அதற்கு முந்திய வரியில். மூலக்குறி, பின்னம், அடைப்பு எதுவும் மிஞ்சாமல் தனித்தனி அடுக்குகளாக எழுதிய பிறகே தொகையிடுங்கள்.

√எக்ஸ் என்பது எக்ஸ்^(1/2). புதிய சுட்டி 3/2. அதனால் வகுப்பது 2/3ஆல் பெருக்குவதே. விடை (2/3)எக்ஸ்^(3/2) + சி.

1/எக்ஸ்³ என்பது எக்ஸ்⁻³. −3 உடன் 1ஐக் கூட்டினால் −2, −4 அல்ல. விடை −1/(2எக்ஸ்²) + சி.

(எக்ஸ்³ + 4)/எக்ஸ்² ஐப் பிரித்தால் எக்ஸ் + 4எக்ஸ்⁻². விடை எக்ஸ்²/2 − 4/எக்ஸ் + சி. மேலையும் கீழையும் தனித்தனியே தொகையிட்டு வகுப்பது செல்லாது.

(எக்ஸ்² + 1)² க்கு (எக்ஸ்² + 1)³/3 என்று எழுதத்தான் கை போகும். அதை வகையிட்டுப் பாருங்கள், தேவையில்லாத 2எக்ஸ் ஒன்று பெருக்கலில் ஒட்டிக்கொண்டு வரும். விரித்து, எக்ஸ்⁴ + 2எக்ஸ்² + 1 ஆக்கித் தொகையிடுவதே வழி. எந்த விடையையும் இப்படி வகையிட்டுச் சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

சுட்டி −1 ஆனால் விதி படுத்துவிடும்: புதிய சுட்டி 0, பூச்சியத்தால் வகுக்க முடியாது. 1/எக்ஸ் இன் தொகையீடு |எக்ஸ்| இன் இயற்கை மடக்கை + சி. மட்டுக் குறியை விடவேண்டாம். எக்ஸ் மறையாகவும் இருக்கலாம்.

‘சி’ அலங்காரத்துக்கு அல்ல. திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து டி = 0 இல் 50 மீற்றர் தள்ளி இருக்கும் ஒரு ஸ்கூட்டர், நிலாவெளிப் பக்கமாக நேர்கோட்டில் செக்கனுக்கு 3டி² + 2 மீற்றர் வேகத்தில் விலகிச் செல்கிறது என்று வைப்போம். ‘டி’ செக்கனில் நேரம். தொகையிட்டால் நிலையத்திலிருந்து தூரம் டி³ + 2டி + சி. டி = 0 இல் தூரம் 50, ஆகவே சி = 50. 2 செக்கனில் அது நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டால், 8 + 4 + 50 = 62 மீற்றர். ‘சி’யை விட்டிருந்தால் 12 வந்திருக்கும். அது ஸ்கூட்டர் ஓடிய தூரம்; கேட்டது அது இருக்கும் இடம்.