கடைசிப் படகைப் போகவிடுங்கள்: கொழும்பிலிருந்து நெடுந்தீவுக்கு முதற்பயணம்

வெள்ளவத்தை மாடி வீடுகளில் "எங்கேயாவது ஒரு தீவுக்குப் போய் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும்" என்று சொல்லாத ஆள் இல்லை. சொன்ன கையோடு மாலைதீவு டிக்கெட் விலையைப் பார்ப்போம். பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்போம். ஆனால் ஓர் இரவு பஸ், காலையில் இன்னொரு பஸ், அப்புறம் ஒரு மணி நேரப் படகு, இவ்வளவு தூரத்தில்தான் நெடுந்தீவு இருக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த, மக்கள் வாழும் தீவுகளில் ஆகத் தொலைவில் இருப்பது. பாலமோ தெருவோ கிடையாது, கடல்வழி மட்டும்தான்.

நான் முதன்முறை போனது ஒருநாள் பயணம். காலையில் இறங்கி, ஓட்டோவில் தொற்றிக்கொண்டு, குதிரை, கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்) என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு, பின்னேரப் படகுக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்த பிறகுதான் எங்கெங்கே போனேன் என்பதே விளங்கியது. அடுத்த முறை ஓர் இரவு தங்கினேன். கீழே எழுதியிருப்பது முழுக்க அப்படித் தங்கப் போகிறவர்களுக்கு.

முதலில் நாள் பாருங்கள்

கலியாணத்துக்கு நாள் பார்ப்பது போல இதற்கும் பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழையும் வாடைக் காற்றும். மே மாதமளவில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். செப்டம்பர் வரை கடல் குழம்பியபடிதான். தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை எனக்குப் பிடித்த காலம். மழை ஓய்ந்து, புல் இன்னும் பச்சையாக இருக்கும். கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சித்திரையில் போனால் வெயில் தோலை உரித்துவிடும்.

போயா நாளையும் நீண்ட வார இறுதியையும் தவிருங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் நாகதீப விகாரைக்கும் போகிற கூட்டமும் நெடுந்தீவுப் படகு புறப்படும் அதே குறிகாட்டுவான் இறங்குதுறையில்தான் நிற்கும்.

இன்னொன்று: காற்று கடுமையானால் படகை நிறுத்திவிடுவார்கள். ஆகவே திரும்பி வந்த மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு போடுவது புத்தி.

தங்குமிடம், சாப்பாடு

தீவில் சிறிய விடுதிகளும், வீட்டிலேயே அறை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பேசி உறுதிப்படுத்துங்கள். பேசும்போதே மூன்று கேள்வி: தண்ணீர் எப்படி, மின்விசிறி உண்டா, சாப்பாடு சமைத்துத் தருவீர்களா? மூன்றாவதுதான் முக்கியம். கொழும்பில் போல பசித்த நேரத்தில் கடைக்குள் நுழையலாம் என்று நினைத்துப் போய், முதற்பயணத்தில் மத்தியானம் ஒரு பக்கெட் பிஸ்கட்டோடு நின்றவன் நான். எத்தனை பேர், மீனா மரக்கறியா என்று முதல் நாளே சொல்லிவிட்டால், வீட்டுக்காரர் காலையில் கரைக்குப் போய் மீனோ நண்டோ வாங்கி வைத்திருப்பார்.

பையில் என்ன

சில்லு வைத்த பெட்டி வேண்டாம். படகின் விளிம்பைத் தாண்டி அதைத் தூக்கி இறக்கும்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள். தோளில் மாட்டும் பை ஒன்று போதும். அதற்குள் தொப்பி, செருப்பு, டோர்ச், நுளம்புக்கு ஏதாவது, பவர் பாங்க், தேசிய அடையாள அட்டை, கையில் காசு. அட்டையைத் தேய்த்து எல்லாம் கட்டலாம் என்று நம்பிப் போகாதீர்கள். குடிதண்ணீரைப் பெரிய போத்தலாகக் கொண்டுபோங்கள். தீவின் பல கிணறுகளில் உவர்நீர்தான். அங்கே தேநீரில் லேசாக உப்புக் கரித்தால் கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள்.

ஒரு போர்வையும் வேண்டும். அது தீவுக்கு அல்ல, பஸ்ஸுக்கு.

யாழ்ப்பாணம் வரை

வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தை காலி வீதியில் ஏறினால் விடியற்காலையில் யாழ்ப்பாணம். சொகுசு பஸ்ஸின் ஏசி வவுனியா தாண்டும்போது நுவரெலியாவாகிவிடும். ரயில்தான் வேண்டும் என்றால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து போகலாம். 1956 முதல் யாழ்தேவி ரயில் ஓடிய தடம். 1990இல் போரால் நின்று, 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை திறந்தது. இருக்கையை முற்கூட்டியே பதிவு செய்யுங்கள். நேர அட்டவணை அவ்வப்போது மாறுவதால் நான் இங்கே நேரம் எழுதவில்லை; 1919 அரச தகவல் நிலையத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

குறிகாட்டுவானும் படகும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலையில் குறிகாட்டுவான் பஸ்ஸைப் பிடியுங்கள். யன்னலோர இருக்கை கட்டாயம். பண்ணைப் பாலம், வேலணை, அப்புறம் புங்குடுதீவுக்குப் போகிற நீண்ட தாம்போதி; இரண்டு பக்கமும் கடல், நடுவில் உங்கள் பஸ் மட்டும். மாசி மாதத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் பரவைக்கடலில் பூநாரைகள் நிற்கும். புங்குடுதீவுக்குள் பூட்டிய வீடுகள் நிறைய வரும். அவற்றின் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்களோ.

பஸ் நிற்கும் இடத்திலேயே இறங்குதுறை. நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஏறுவதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள். உயிர்காப்பு அங்கியைத் தராவிட்டால் கேட்டு வாங்கி, மடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல், படகின் நடுப்பகுதியில் இருந்து, தூரத்துக் கடல் விளிம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஃபோனைக் குனிந்து பார்த்தால் முடிந்தது கதை.

நமக்கு இது உல்லாசம். கூட வருகிற அம்மாவுக்கு இது சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற வழி. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் இந்தப் படகில்தான் வந்தாக வேண்டும். முதலில் ஊர்க்காரர் ஏறட்டும்.

குமுதினி, வடதாரகை என்ற படகுப் பெயர்கள் உங்கள் காதில் விழும். 1985 மே 15 அன்று குமுதினியில் பயணித்த மக்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு இறங்குதுறைக்கு அருகே அவர்களுக்கான நினைவாலயம் இருக்கிறது. படம் எடுத்தபடி கடந்து போகாமல் கொஞ்சம் நில்லுங்கள்.

முதல் நாள்

அறைக்குப் போய்ப் பையை வைத்து, படுத்துத் தூங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். இரவு முழுக்க பஸ், காலையில் படகு, வெளியே நிழலே இல்லாத வெயில். படகில் உங்களோடு வந்த ஒருநாள் பயணிகள் அந்த வெயிலில்தான் ஓட்டோவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓடட்டும்.

மூன்றரை மணிக்கு மேல் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். தரை தட்டையானது, மிதிக்கச் சிரமமில்லை. எதிர்க்காற்று மட்டும் சோதிக்கும். முதலில் கண்ணில் படுவது மதில்கள். சீமெந்தும் சாந்தும் இல்லாமல், பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வளவுக்கு வளவு வேலி. இடைவெளிகளில் காற்று ஊடுருவிப் போகும். ஒரு கல்லை உருவிக்கொண்டு வராதீர்கள், வேலியே சரியும். கோட்டையையும் அதே பவளக்கல்லால்தான் கட்டியிருக்கிறார்கள், இப்போது இடிபாடு. ஒல்லாந்தர் தங்கள் ஊரான டெல்ஃப்டின் பெயரை இந்தத் தீவுக்கு வைத்தார்கள். ஆனாலும் அது கடதாசியில்தான் நின்றது. படகில் "டெல்ஃப்ட்" என்று கேட்பவர் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும்.

பெருக்குமரத்தின் அடிமரப் பொந்துக்குள் நுழைந்து நிற்கலாம். உள்ளே வெயிலின் சூடு சட்டென்று குறையும். வளரும் கல் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நான் மூன்று முறை பார்த்துவிட்டேன், எனக்கு ஒரே உயரமாகத்தான் தெரிகிறது. நேரம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

படகு போன பிறகு

பின்னேரம் கடைசிப் படகு புறப்படும்போது இறங்குதுறைப் பக்கம் போய்ப் பாருங்கள். சத்தம் எல்லாம் அதில் ஏறிப் போய்விடும். அதன்பின் மாட்டு மணியும், பனையோலை உரசுவதும், எங்கோ ஒரு வானொலியும்தான். அந்த நேரத்தில் தென்பக்கப் புல்வெளிக்குப் போங்கள். போர்த்துக்கீசர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்த கட்டைக்குதிரைகள், கட்டுக்காவல் இல்லாமல், கூட்டம் கூட்டமாக மேயும். கிட்டப் போகாதீர்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். தூரத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் உங்களை மறந்துவிட்டுத் தங்கள் பாட்டில் மேயத் தொடங்கும். குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் இருந்திருக்கிறேன்.

இருட்டுவதற்குள் திரும்புங்கள். வழியில் தெருவிளக்கை நம்ப வேண்டாம், டோர்ச் அதற்குத்தான். இராச்சாப்பாடு முடிந்து முற்றத்தில் பாயைப் போட்டால், கொழும்பு வானத்தில் இல்லாத நட்சத்திரங்கள் எல்லாம் இங்கேதான் இருந்தன என்று தெரியும்.

மறுநாள்

வெயில் ஏறுமுன் கடல் குளியல். கரையோரம் ஆழம் குறைவு, தண்ணீர் கண்ணாடி. ஆனால் காலுக்கடியில் முருகைக்கல், அதாவது பவளக்கல். செருப்போடு இறங்குங்கள், தனியாக இறங்காதீர்கள். காப்பாற்ற ஆள் வைத்த கரை அல்ல இது.

வெற்றுப் போத்தல்களைத் தீவில் போடாமல் பைக்குள் திணித்துக்கொண்டு படகுக்கு வாருங்கள். படகு நேரத்தை வீட்டுக்காரரிடம் முதல் நாள் இரவும் காலையிலும் இரண்டு முறை கேளுங்கள். குறிகாட்டுவானில் நேரம் மிஞ்சினால் நயினாதீவு இருபது நிமிடம்தான். மிஞ்சாவிட்டால் அடுத்த முறை பார்க்கலாம். யாழ்ப்பாணம் வந்து, நல்லூரில் ஓர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு இரவு பஸ் ஏறுங்கள். போர்வை அடியில் போய்விடாமல் மேலே இருக்கட்டும், திரும்பும் பஸ்ஸிலும் அதே குளிர்தான்.