ரத்தப் புற்றுநோய் மருத்துவராக விரும்புவோர் பழக வேண்டியவை

அடிப்படை மருத்துவப் பட்டம், பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ பயிற்சி, அதற்கும் மேல் ரத்தவியல் அல்லது புற்றுநோயியலில் சிறப்புப் படிப்பு என்று இந்தத் துறைக்கான பாதை நீளும். பெரும்பாலான நாடுகளில் அது பத்தாண்டுகளுக்குக் குறையாது. அந்த ஆண்டுகளில் எவற்றைப் பழகிக்கொள்கிறோம் என்பது பட்டங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது.

முதலில் நுண்ணோக்கிக்குக் கண்ணைப் பழக்குங்கள். உங்கள் நோயாளியின் ரத்தப் பூச்சை (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தத்தை) நீங்களே பார்த்து, கண்டதை எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகே ஆய்வக அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற, வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயில், ஆவர் கோல்கள் எனப்படும் ஊசி போன்ற துணுக்குகள் செல்லுக்குள் சுள்ளிக்கட்டுப் போல் குவிந்திருக்கும். அதைக் கண்டு ஐயம் எழுந்தால், மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே ஏ.டி.ஆர்.ஏ. என்ற, வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான மருந்தைத் தொடங்க வேண்டும். தொடக்க நாட்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக்கசிவுதான். அந்த நாட்களைக் கடந்துவிட்டால், மிக நன்றாகக் குணமாகும் லுகேமியா வகைகளுள் இதுவும் ஒன்று.

வார்டில் காய்ச்சலை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கு) ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக்கை ஊசிவழியே செலுத்த வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற, மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் கொண்ட நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த குரோமோசோம் ஒன்று இருப்பதை நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960இல் அறிவித்தனர். அது 9ஆம், 22ஆம் குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் இடம்மாறியதால் உண்டானது என்பதை 1973இல் மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டினார். அதன் விளைவாகத் தோன்றும் புரதத்தை முடக்கும் இமாட்டினிப் என்ற மருந்து 2001இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விரைவான புகழை நாடுவோருக்கு இந்தத் துறை ஒத்துவராது என்றே சொல்வேன்.

எதிர்பார்த்தபடி மருந்துக்கு இணங்காத ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பு எழுதிவைத்தால், ஆய்வுக்கான கேள்வி பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கும். நோயாளியின் ஒப்புதலோடு, சிகிச்சைக்கு முன்பே எலும்பு மஜ்ஜை மாதிரியைச் சேமித்துவிடுங்கள். முதல் கீமோதெரபி ஏறியபின் அந்த மாதிரி இனி எப்போதும் கிடைக்காது. புள்ளியியலை அடுத்தவரிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிடாமல், காலப்போக்கில் எத்தனை நோயாளிகள் உயிரோடிருக்கிறார்கள் என்று காட்டும் உயிர்வாழ்வு வரைபடத்தின் இறுதிப் பகுதியில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று பார்க்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். பணியில் சேரும்போது, ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்படும் நேரத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழி உறுதியை வார்டு வேலை விழுங்கிவிடும்.