கடல் கயிற்றில் கால்மிதி

குமரி மாவட்டத்து எங்கள் நீரோடிக்கு அடுத்த கரை கேரளத்துப் பொழியூர். ஆனி, ஆடியில் கடல் அடித்து ஓய்ந்ததும் இரண்டு கரைக் குப்பையும் ஒன்றாக வந்து ஒதுங்கும். அதில் கால்மிதி செய்யப் போகிறீர்கள் என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் சாக்கில் அள்ளாதீர்கள். நான் அள்ளி, ஒரு மாதம் திண்ணை நாறியது. இப்போது எனக்குக் கயிறு மட்டும்தான். குப்பியும் மூடியும் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடைக்கு. மூடியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள், அது வேறு பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் கவர்களை வீட்டில் உருக்கிப் பார்க்கவே வேண்டாம். கொல்லம் நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய 'சுசித்வ சாகரம்' திட்டத்தில், வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கைப் படகுக்காரர்கள் கரைக்குக் கொண்டுவர, அதை மிஷினில் துருவி ரோட்டுத் தாரில் சேர்த்தார்கள். நம் அடுப்பில் நடக்கிற வேலையில்லை அது.

சரி, கயிறு. எடுத்ததும் ஒரு முனையை மடக்கி விரலால் தேயுங்கள். தவிடு மாதிரி பொடி உதிர்ந்தால் வெயிலில் செத்த கயிறு; கால்மிதிக்கு ஆகாது, ஆனால் கரையிலும் விட்டுவிடாதீர்கள், குப்பைச் சாக்கில் போடுங்கள். உதிராத கயிற்றில் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். நைலான் அமிழும், பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். மிதப்பதுதான் வேண்டும், அது தண்ணீர் குடிக்காது. மணலில் பாதி புதைந்த வலையைப் பிடித்து இழுக்காதீர்கள். தெரிகிற அளவுக்கு அறுத்து எடுத்தால் போதும்.

அப்புறம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று நாள் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். நான் முதலில் செய்த கால்மிதி மழைக்காலம் முழுக்கப் பிசுபிசுத்தது. உப்பு போகவில்லை. "காலைத் துடைக்கவா, நனைக்கவா?" என்று மாமி கேட்டார்.

விரல் கனக் கயிறு என்றால் ஒன்றரை அடி வட்டத்துக்குச் சுமார் 16 மீட்டர் பிடிக்கும். துண்டுகளின் முனையை வாசலில் நின்று தீயில் லேசாகக் காட்டினால் புரி பிரியாது. புகையை மூக்கில் ஏற்றாதீர்கள். நடுவிலிருந்து நத்தை ஓடு போலச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு, இரண்டு விரல் இடைவெளியில், வலை பொத்துகிற ஊசியால் தையுங்கள். ஊசி ஏறாத இடத்தில் ஆணியால் புரியை விலக்கிக்கொள்ளலாம். இறுக்கி இழுத்தால் நடு மேடாகிவிடும். நான்கு சுற்றுக்கு ஒருமுறை தரையில் போட்டு மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலான வாசலில் போடுங்கள். மாமி கிணற்றடியில்தான் வேண்டும் என்றார். முழு வெயிலில் கிடந்து, இரண்டே வருஷத்தில் அதுவும் பொடிய ஆரம்பித்துவிட்டது.