பீரோவில் கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்

அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. இப்போது அவள் பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறான். லேப்டாப் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "மாமா, எடைக்குப் போட்டுடவா?" என்றாள். கொண்டு வா, பார்க்கிறேன் என்றேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பு. டிடிபி கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் வீட்டு வேலை.

முதலில் ராம் எவ்வளவு என்று பாருங்கள். இதில் 2 ஜிபி. மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் அது போதும்; ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். கழற்றிய டிடிஆர்3 ராம் 4 ஜிபி ஒன்று கடையில் கிடந்தது, போட்டேன். அடுத்து பிராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள், இல்லையென்றால் மின்ட் ஓடாது. விண்டோஸ் 32 பிட் என்று காட்டினாலும் நம்ப வேண்டாம், அது போட்டிருக்கும் விண்டோஸைத்தான் சொல்கிறது. பிராசஸர் பெயரைக் குறித்துக்கொண்டு நெட்டில் தேடுங்கள்.

மின்ட்டில் மூன்று வகை உண்டு. பழைய மெஷினுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ வகை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கியதும், கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள், அரைகுறையாக இறங்கிய கோப்போடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளை வைத்து எழுதுங்கள். யுஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் மெஷின் என்றால் ரூஃபஸில் பார்ட்டிஷன் வகைக்கு எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும்.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள். எச்பி என்றால் எஃப்9. எதிலிருந்து திறப்பது என்று கேட்கும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. அவசரப்பட்டு இன்ஸ்டால் ஐகானை அமுக்காதீர்கள். வைஃபை, சத்தம், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இதில் வைஃபை வரவில்லை. பிராட்காம் சிப் என்றால் இது சகஜம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்தபின் டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

படங்கள், சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்தபின் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதன்முதலில் போட்டபோது பேக்கப் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டுவிட்டு, டிஸ்க்கை முழுதாக அழிக்கும் இடத்தில் உள்ளே இருக்கும் டிஸ்க்கான எஸ்டிஏ என்பதற்குப் பதில் பேக்கப் டிஸ்க்கான எஸ்டிபியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். என் மகன் காதுகுத்துப் படங்கள் அத்தோடு சரி. வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

இனி இன்ஸ்டால். பாட்டு, வீடியோ ஓட உதவும் மீடியா கோடெக்குக்கு டிக், முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுதல், நேரத்துக்குக் கொல்கத்தா, ஒரு பாஸ்வேர்ட். அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள்.

அப்புறம் தமிழ். இன்புட் மெத்தட் அமைப்பில் பிற மொழியில் தட்டச்ச உதவும் ஐபஸ்ஸைத் (ibus) தேர்ந்தெடுத்து, தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். பட்டியலில் தமிழ்99 விசைப்பலகை இருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள் இருந்தால் அந்த ஃபான்ட் கோப்பை ஹோம் ஃபோல்டரில், ஆங்கிலத்தில் முன்னால் ஒரு புள்ளி வைத்து '.fonts' என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டால் படிக்கலாம்.

இவ்வளவு செய்தும் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி சின்னதாக ஒன்று வாங்கி மாட்டி மறுபடி இன்ஸ்டால் செய்தேன். டீ ஆறுவதற்குள் திறக்கிறது. எனக்குத்தான் பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் மென்பொருள் தேவை, அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆகையால் கடைக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ்தான்.