மெயில் கறுப்புப் பட்டியலில் விழுந்தால் உடனே செய்யக்கூடாதவை

நிலாவெளியில் சீசன் தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது. விடுதி வைத்திருக்கிற அண்ணா ஒருவர் கோல் எடுத்து, "தம்பி, ஜெர்மனிக்காரருக்கு அனுப்புற புக்கிங் மெயில் எல்லாம் திரும்பி வருகுது, ஒருக்கா வந்து பாரும்" என்றார். வாடகை சேர்வர் ஒன்றில் அவருக்கு மெயில் அமைத்துக் கொடுத்ததே நான்தான், அதனால் தப்ப வழியில்லை.

திரும்பி வந்த மெயிலில் 550 (ஏற்க மறுக்கிறோம் என்பதற்கான எண்) என்று தொடங்கும் வரியும் ஸ்பாம்ஹவுஸ் என்ற பெயரும் இருந்தன. ஸ்பாம் என்கிற குப்பை மெயில் அனுப்பும் சேர்வர்களைக் கறுப்புப் பட்டியலில் போடும் அமைப்பு அது, பட்டியலில் இருக்கிறவரின் மெயிலைப் பல சேர்வர்கள் ஏற்காது. மிச்சத்தை வாசிக்காமல் நேரே அவர்களின் தளத்துக்குப் போய் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்டேன், நீக்கினார்கள், அண்ணா தந்த தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும் கோல்.

அப்புறம்தான் சேர்வரில் அனுப்பக் காத்திருந்த மெயில்களின் வரிசையைத் திறந்து பார்த்தேன். உருட்ட உருட்ட முடியவில்லை. எல்லாம் ரிசெப்ஷன் கணக்கின் பெயரில், எங்கள் ஒருவருக்கும் தெரியாத மொழியில். கடவுச்சொல் என்ன என்று கேட்டால் விடுதியின் பெயரும் 123உம்! ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைத்திருக்கிறேன்.

பெரிய மெயில் நிறுவனங்கள் இதை என்னைப் போல் தலைகீழாகச் செய்வதில்லை. எந்தக் கணக்கு என்று தேடிப் பூட்டுவார்கள், வரிசையில் கிடக்கும் குப்பையை அழிப்பார்கள், பிறகுதான் என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று எழுதி நீக்கக் கேட்பார்கள். சும்மா "நாங்கள் ஸ்பாம் அனுப்புவதில்லை" என்று எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஸ்பாம் அனுப்புகிறவனும் அதைத்தான் எழுதுவான். அதற்கு முன்பே ஒரு கணக்கு மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்று எல்லை வைத்திருப்பார்கள், சந்தேகமான மெயிலை வேறு ஐபி (இணையத்தில் சேர்வரின் முகவரி எண்) வழியாக வெளியே விடுவார்கள், அதனால் ஒருவன் செய்த வேலைக்கு எல்லாருடைய மெயிலும் நின்றுபோகாது. யாகூ, மைக்ரோசாஃப்ட் போன்றவை, தங்கள் பயனர்கள் ஸ்பாம் என்று அழுத்திய மெயில்களைப் பற்றிப் பதிவு செய்துகொண்ட அனுப்புநருக்குத் தகவல் தரும், அதையும் ஒழுங்காக வாசிப்பார்கள். நான் எல்லை ஒன்றும் வைக்கவில்லை, அது என் பிழைதான்.

இன்னொரு பிழை, எல்லாப் பட்டியலையும் ஒரே மாதிரிப் பார்த்துப் பதறுவது. ஓர் ஐபி பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வர் கேட்கும்போது ஸ்பாம்ஹவுஸ் எண்ணாகத்தான் பதில் தரும். அந்தப் பதில் 127.0.0.2 அல்லது 127.0.0.3 என்றால் ஸ்பாம் போயிருக்கிறது என்று அர்த்தம். 127.0.0.10, 127.0.0.11 என்றால் குற்றச்சாட்டே இல்லை, வீட்டு இணைப்பு போன்ற ஐபியிலிருந்து நேரடியாக மெயில் அனுப்பக்கூடாது என்பது மட்டும்தான், மெயில் சேர்வருக்குள் 587 போர்ட் என்ற வாசல் வழியாக லொகின் செய்து அனுப்பினால் சரி. 127.255.255.254 வந்தால் நீங்கள் பட்டியலிலேயே இல்லை, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை) வழியாகக் கேட்டதற்கு வரும் மறுப்பு அது. இதைப் புரிந்துகொள்ளாத சேர்வர், வருகிற நல்ல மெயிலை எல்லாம் திருப்பி அனுப்பிவிடும். ஸ்பாம்கொப் என்ற இன்னொரு பட்டியலில் முறைப்பாடுகள் நின்றால் 24 மணித்தியாலத்தில் பெயர் தானாகவே போய்விடும். கெதியாக நீக்கக் காசு கேட்கும் பட்டியலும் உண்டு. நான் என்றால் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன், ஸ்பாம்ஹவுஸ் இலவசமாகத்தான் நீக்குகிறது.

"அப்ப ஐபியை மாத்திவிடுவம்" என்றார் அண்ணா. வேண்டாம். புது ஐபிக்கு நல்ல பெயரும் கிடையாது, அதிலிருந்து முதல் நாளே நிறைய மெயில் போனால் சந்தேகம்தான் கூடும்.

பொதுப் பட்டியல் எதிலும் பெயர் இல்லை, ஆனாலும் ஜிமெயிலில் ஸ்பாமுக்குள் விழுகிறது என்று சிலர் தலையைப் பிய்ப்பார்கள். ஜிமெயில், அனுப்புநரைப் பற்றித் தான் வைத்திருக்கும் மதிப்பீட்டையே பெரிதாகப் பார்க்கும். 2024 பெப்ரவரியிலிருந்து, தனக்கு நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மெயில் உண்மையிலேயே அனுப்புநரிடமிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டக்கூடாது என்கிறது. சின்ன விடுதிக்கும் அந்த மூன்றும் இருப்பது நல்லது.

கடைசியாக அண்ணாவின் கொப்பி. பத்து வருடமாக வந்துபோன விருந்தினர் எல்லாரின் முகவரியும் அதில் இருந்தது, திமிங்கிலம் பார்க்கும் சீசன் செய்தியை எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பவேண்டும் என்பது அவரின் ஆசை. கைவிடப்பட்ட பழைய முகவரிகளில் சிலவற்றை ஸ்பாம்காரரைப் பிடிக்கும் பொறியாக்கி வைத்திருப்பார்கள், அதில் ஒன்றுக்குப் போனாலே போதும், மறுபடியும் பட்டியலில் விழலாம் என்றேன். மனமில்லாமல் பழைய பக்கங்களைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, போன வருடம் வந்தவர்களுக்கு மட்டும் அனுப்பினார்.