செட் மாத்திரையோடு டோலோ போடலாமா? வலி மாத்திரையில் பலரும் செய்யும் தவறுகள்

மதுரையில் அழகர் எதிர்சேவை பார்க்க மூன்றுமாவடி வரை நடந்து வந்த எங்கள் பெரியம்மா, மறுநாள் மேல்வலி, முழங்கால் வலி என்று மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை (பல மாத்திரைகளைக் கத்தரித்து ஒன்றாகத் தருவது) வாங்கிப் போட்டார். கேட்கவில்லை என்று வீட்டிலிருந்த டோலோ 650 (பாராசிட்டமால் 650 மில்லிகிராம்), ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வோவெரான். மூன்றும் வேறு வேறு என்றுதான் அவர் நினைத்தார்.

பாராசிட்டமாலையும் இபுபுரூஃபென் போன்ற, வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் வீக்க மாத்திரையையும் சேர்த்துப் போடுவதே தப்பா என்றால், இல்லை. வேறு நோயில்லாத பெரியவர்கள் அளவோடு, சில நாள் மட்டும் போடலாம். ஒரே மருந்தை வேறு பெயரில் இரண்டு தடவை விழுங்குவதுதான் தவறு. செரோடால்-பி, காம்பிஃப்ளாம் இரண்டிலும் ஏற்கெனவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராம்தான் உச்சம், ஆறு டோலோவிலேயே 3900 வந்துவிடும். குடிப்பவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த அளவே அதிகம். ஈரல் கெடுவது முதல் நாள் வெளியே தெரியவும் தெரியாது.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது இரண்டு வீக்க மாத்திரைகளைச் சேர்ப்பதற்கு. அசிக்ளோஃபெனாக் (செரோடால்-பியில் இருப்பது) போட்டவர் மேலே டைக்ளோஃபெனாக் (வோவெரானில் இருப்பது) போட்டால், ஊசியாக இருந்தாலும் சரி, வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்துதான் கூடும், ஏனென்றால் இந்த மாத்திரைகள் தடுக்கிற, வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம்தான் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் போக உதவுவதும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்த உடம்பில் இது நடந்தால் சிறுநீரகம் சட்டென்று அடிவாங்கும். கூடவே அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோல் போட்டேனே என்பார்கள். அது வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தை அல்ல.

பிரஷர் மாத்திரை, இதயத்துக்கான ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் வீக்க மாத்திரையைத் தொடவே வேண்டாம். டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலிலும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

அப்புறம், பெயரே தெரியாமல் கத்தரித்துத் தரும் செட் மாத்திரையை வாங்காதீர்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கலந்து சாப்பிட்டு, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ விடியட்டும் என்று இருக்காமல் அந்த அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.